விருப்பம் உண்டு, போகமாட்டேன்

கேளம்பாக்கம் ஷேர் ஆட்டோவில் நான் வாயைத் திறந்தால் போதும், "இன்னாமா, கேரளாவா நீ?" என்று கேட்டுவிடுவார்கள். அவர்கள் பேசுவதும் தமிழ்தான், நான் பேசுவதும் தமிழ்தான். எட்டு வயதில் மன்னாரிலிருந்து படகேறி வந்தவளுக்கு இப்போது தலையில் நரை விழுந்துவிட்டது. ஆனாலும் 'ஆமாம்' என்பதற்கு வாயில் வரும் 'ஓம்' என்ற ஒரு சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இலங்கை என்றால் இறங்கும் இடம் வரைக்கும் கேள்விகள் வரும். களைத்த நாட்களில் கேரளா என்றே தலையாட்டிவிடுகிறேன். மன்னாரில், ஊரில் இருக்கும் நீங்கள் இதைப் படித்தால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

எனக்கு மருந்துக்கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கருங்குழிக்கு அப்பாலுள்ள எங்கள் பழைய அகதி முகாமுக்குப் போய், அங்குள்ளவர்களுக்கு நீண்டகாலத் தங்குரிமைக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுக்கிறேன். அகதியாகவே பிறந்து, அகதியாகவே பிள்ளை பெற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள். வெளியூரில் ஓர் இரவு தங்கக்கூட அனுமதி கேட்க வேண்டும். மாமல்லபுரம் கரையில் நின்றுகொண்டு, "அங்கேயும் இங்கேயும் ஒரே கடல்தானே" என்று உருகுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் யாரும் படகில் வந்தவர்கள் இல்லை.

எங்கள் ஆட்கள் இடறி விழுவது ஒரே ஒரு கேள்வியில். விசாரிக்கும் அதிகாரி, "ஊருக்குத் திரும்பிப் போக விருப்பமா?" என்பார். விருப்பமில்லாமல் இருக்குமா? "ஓம், விருப்பம்தான்" என்று கண்கலங்கச் சொல்லிவிடுவார்கள். திரும்பிச் செல்லச் சம்மதம் என்று பதிவாகிவிடும். இங்கே தங்கக் கேட்ட விண்ணப்பம் அத்தோடு படுத்துவிடும். எங்களோடு ஒரே படகில் வந்த செல்வராணி அக்காவுக்கு முதல்முறை அப்படித்தான் ஆனது. அவருடைய ஒரே மகள் ஜெனிற்றா முகாமில் பிறந்து, செங்கல்பட்டுப் பையனைக் கட்டி, இப்போது வாயும் வயிறுமாக இருக்கிறாள். இந்த முறையும் தவறினால் அக்கா தனியாகக் கடல் தாண்ட வேண்டிவரலாம்.

அதனால் ஒத்திகை வைத்தேன். நான் அதிகாரி, அவர் விண்ணப்பதாரர்.

"அக்கா, இல்லை எண்டு ஒரு சொல். அவ்வளவுதான்."

"வாய் வருகுதில்லை பிள்ளை. மூத்தவன் அங்க வளவுக்குள்ள கிடக்கிறான். படகேற முதல் அவனிட்ட போட்டு வாறன் எண்டுதானே சொன்னனான்?"

மூத்தவன் மூன்று வயதில் காய்ச்சலில் போனவன். வீட்டைச் சுற்றிய வளவில் அவனைப் புதைத்த அந்த வேலிக்கரை எனக்கும் நினைவிருக்கிறது. இருட்டுவதற்குள் கரைக்குப் போகவேண்டும் என்று எல்லோரும் அவசரப்படுத்த, அக்கா மட்டும் திரும்பி ஓடி மண்ணைத் தொட்டுவிட்டு வந்தார். போகிறேன் என்று ஒருபோதும் சொல்லாமல், 'போட்டு வாறன்', போய்வருகிறேன் என்றே விடைபெறும் சனம் நாங்கள். அவருடைய கணவரோ இங்கே, முகாமுக்குப் பின்னாலுள்ள இடுகாட்டில் கிடக்கிறார். இதற்கு மேல் அவரிடம் பொய் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விடவும் முடியாது.

விசாரணை நாளில் இருவரும் செங்கல்பட்டு அலுவலகத்துக்குப் போனோம். என்னுடைய விண்ணப்பத்துக்கான விசாரணையும் அன்றுதான். அதிகாரி அக்காவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"விருப்பம் சேர்," என்றார் அக்கா. நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "ஆனா போகமாட்டன். என்ர பிள்ளை இங்க. அவளுக்குப் பிறக்கப்போறதும் இங்க."

"இன்னாமா இது? விருப்பம்ன்ற, போமாட்டேன்ற. ஏதாவது ஒண்ணு சொல்லுமா."

"ரெண்டும் உண்மை சேர்," என்று நான் எழுந்தேன். "ரெண்டையும் எழுதுங்கோ."

"அதுக்கு எடம் இல்லமா இதுல."

"ஓரத்தில எழுதுங்கோ. எழுதும்வரைக்கும் நாங்கள் எழும்பமாட்டம்."

நின்றுகொண்டே இதைச் சொன்னதை அப்புறம்தான் கவனித்தேன். அவரும் கவனித்திருக்க வேண்டும். சிரிப்பை அடக்கியபடி பேனாவைத் திறந்தார். ஓரத்தில், நுணுக்கி எழுதினார்: 'ஊர் மேல் பற்று உண்டு. திரும்பிச் செல்ல உத்தேசமில்லை. இங்கேயே தங்க விரும்புகிறார்.' படித்துக் காட்டிவிட்டு, "மேல அனுப்புறேன். அவங்க கேட்டா இதையே சொல்லு, மாத்தாத" என்றார். அக்கா கையெழுத்திட்டார்.

அடுத்தது என் முறை. அதே கேள்வி. எத்தனையோ பேருக்கு 'இல்லை' சொல்லிக்கொடுத்த எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"உனக்கும் ஓரத்துலயாமா?"

"ஓம் சேர்," என்றேன்.

மாலையில், இரவு தங்க அனுமதி வாங்கியிருந்த அக்காவை மகள் வீட்டில் விட்டுவிட்டுப் பேருந்து ஏறினேன். பயணச்சீட்டு கேட்டதும் நடத்துனர் என்னை உற்றுப் பார்த்தார்.

"கேரளாவாமா?"

"இல்லை, இலங்கை," என்றேன். "கேளம்பாக்கத்தில வீடு. அங்க இறக்கிவிடுங்கோ."