பனி ஏரிக்குத் தாமுவேயில் தைத்த கூடாரம்

தார்ப்பாய் தைக்கிறவன் வானத்தைப் பார்த்துத்தான் விலை சொல்வான். மேகம் கறுக்கும்போது என் குரல் ஏறும், மழை நன்றாகப் பிடித்துக்கொண்டால் என் குரலைக் கேட்க ஆளே இருக்காது. யாங்கோனில் லாரிக்காரர், சந்தைக் கடைக்காரர், படகுக்காரர் எல்லாரும் மழைக்கு முன்பே வாங்கி முடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அதே ஊரில் தாமுவே பகுதியில் இருக்கும் என் பட்டறையின் எட்டு மெஷினும் சும்மா கிடக்கும். சொந்தமாகப் பட்டறை வைத்துச் சீரழியும் சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தையல்காரப் பெண்ணை ஒரு மாதம் வீட்டில் இரு என்று சொன்னால், அடுத்த மாதம் அவள் இன்னொருவன் பட்டறையில் இருப்பாள். போன மழையில் மூன்று பேரை அப்படித்தான் இழந்தேன். இந்த மழையில் ஒருத்தியையும் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தபோதுதான் இந்த ஆர்டர் வாசலுக்கு வந்தது.

தரை எங்கே?

கொண்டுவந்தவன் கோ மின். அம்மா தமிழ், அப்பா பர்மியர். வெளிநாட்டு ஆர்டர்களை எங்களைப் போன்ற சின்னப் பட்டறைகளுக்குப் பிடித்துக் கொடுக்கும் தரகன். மூன்று பட்டறைகள் ஆளுக்கொரு மாதிரிக் கூடாரம் தைக்க வேண்டும். வாங்குகிறவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அந்தப் பட்டறைக்கு நாலு மாத வேலை. நாலு மாதம் என்றதும் எனக்கு உள்ளே தேன் பாய்ந்தது. முகத்தில் காட்டவில்லை. விலை பேசுவதற்கு முன்னால் குறை கண்டுபிடிப்பது என் பழக்கம். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்று அடுக்குத் துணி, பஞ்சு வைத்த சுவர், மடக்கும் கம்பி, ஜன்னல் எல்லாம் இருந்தது. தரை மட்டும் இல்லை.

எனக்குக் கோபம் முன்னால் போகும், நான் பின்னால் போவேன். "தரையை மறைச்சு விலை பேசுறியா? நாளைக்கு வந்து, தரையும் போடுங்க அண்ணே, அதே விலைக்குன்னு சொல்லுவே! உன்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். கோ மின் டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு நிதானமாக விளக்கினான். குளிர் தேசத்தில் ஏரி கல் மாதிரி உறைந்துவிடுமாம். அதன்மேல் கூடாரத்தை நிறுத்தி, உள்ளே ஐஸில் ஓட்டை போட்டு, சுற்றி உட்கார்ந்து தூண்டில் விடுவார்களாம். நான் நம்பாமல் முறைத்ததைப் பார்த்துச் சொன்னான்: "தரை போட்டா மீன் கதவைத் தட்டிட்டா அண்ணே வரும்?"

நாலு பேர் என்றால் நாலு பேரா?

ஆர்டர் தாளில் அளவு இல்லை. 'நாலு பேருக்கு, சாமான் வைக்கப் போதுமான இடத்தோடு' என்று மட்டும் இருந்தது. போதுமான என்றால் எவ்வளவு? அந்த ஒரு சொல்லில்தான் மூன்று பட்டறைகளும் முட்டிக்கொள்ளப் போகின்றன என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மற்ற இரண்டு பேரும் படத்தைப் பார்த்து அப்படியே வெட்டுவார்கள். நான் படித்தவனில்லை, கையால் தொட்டுப் பார்க்காத எதையும் நம்பமாட்டேன். துணியை வெட்டுவதற்கு முன், சந்தில் சாக்கட்டியால் ஆறடிக்கு ஆறடி கட்டம் போட்டேன். நடுவில் ஒரு வட்டம், அதுதான் ஓட்டை.

ஐஸ் துளைக்கிற கருவிக்குப் பதில் குழாய்க்கிணறு போடுகிறவரிடம் கைத்துரப்பணம் இரவல் வாங்கினேன். குளிர் காயும் அடுப்புக்கு எங்கள் வீட்டுக் கரியடுப்பு. தூண்டிலுக்கு இரண்டடி மூங்கில் குச்சிகள். மீன் போட வாளி, சாப்பாட்டுக்கு அடுக்குப் பாத்திரம், நாலு முக்காலி, ஒரு விளக்கு. நான், என் மனைவி செல்லம்மா, கோ மின், தலைமைத் தையல்காரி மா கின் நாலு பேரும் உள்ளே உட்கார்ந்தோம். என் முழங்கால் அடுப்பில் இடித்தது. கோ மின் எழுந்தால் வாளியில் கால். துரப்பணம் செல்லம்மா மடியில். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. செல்லம்மா முக்காலியிலிருந்து எழுந்து புடவையை உதறிக்கொண்டு சொன்னாள்: "நாலு பேருன்னு எழுதினவன், கையை வீசிட்டு வர்ற நாலு பேரை எண்ணியிருக்கான்."

அதோடு கட்டத்தை எட்டடிக்கு எட்டடி ஆக்கினேன்.

வாசலில் செருப்புப் பை

மாதிரிக்கென்று கோ மின் தந்த துணி ஒரே ஒரு கூடாரத்துக்குத்தான் வரும். தண்ணீர் புகாத பூச்சுப் போட்ட துணி. அதில் ஊசி இறங்கினால் இறங்கியதுதான். பிரித்தால் ஓட்டை ஓட்டையாக நிற்கும், தண்ணீர் உள்ளே வந்துவிடும். ஆகவே வெளிச்சுவரை மா கின் தவிர யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தேன். இருபது வருஷமாக மெஷினில் உட்காருகிறவள். அவளிடம் தப்பு வராது.

மறுநாள் கோ மின் வந்து கூடாரத்தைச் சுற்றிப் பார்த்தான். கதவுப் பக்கம் வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கதவுக்கு வெளியே, நாலு ஜோடி வைக்கும் அளவுக்கு, வரிசையாக எட்டுப் பைகள். அழகான தையல். "இது என்ன?" என்றேன். செருப்பு வைக்க என்றாள் மா கின், என் கண்ணைப் பார்த்து. அந்தக் குளிரில் பூட்ஸைக் கழற்றினால் கால் விரல் உதிர்ந்துவிடும் என்று கோ மின் சொன்னான். நான் அளவு நாடாவைச் சுழற்றித் தூக்கி எறிந்தேன். பிரிக்கவும் முடியாது, புதுத் துணியும் கிடையாது, எட்டு பேர் வேலை அந்த எட்டுப் பைகளில் தொங்குகிறது! ஆனால் உண்மையைச் சொல்கிறேன், யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. என்னிடமே கேட்டிருந்தால் நானும் அங்கேதான் வைக்கச் சொல்லியிருப்பேன். மா கின் மட்டும் கலங்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள்: "உட்கார்ந்து சாப்பிடுற இடத்துக்குள்ளே செருப்போட வர்ற ஜனங்களா, சயா?"

சயா என்பது இங்கே முதலாளிக்கும் வாத்தியாருக்கும் பொதுவான மரியாதை. அன்று அதில் மரியாதை கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது.

ஐஸ் கிடங்கில் ஒரு மணி நேரம்

குளிரைப் பார்க்காமல் குளிர்க் கூடாரத்தை அனுப்புவதா? ஆற்றோரம் போட்டாதாங்கில் படகுகளுக்குப் பாளம் பாளமாக ஐஸ் போடும் கிடங்கு ஒன்று உண்டு. அங்கே ஐஸ் உடைக்கும் ஊ சோ எனக்குப் பழைய பழக்கம். அவர் வண்டிக்கு நான்தான் தார்ப்பாய். ஒரு மணி நேரம் உள்ளே விடச் சொன்னேன். முதலில் முடியாது என்றார். பிறகு ஒரு தார்ப்பாய் கேட்டார்; பேசிப் பேசி, கடைசியில் இரண்டு கயிறோடு முடித்தேன்.

ஐஸ் பாளங்கள்மேல் கூடாரத்தை விரித்து, மா கின்னும் நானும் சாமான்களோடு உட்கார்ந்தோம். கம்பளியைப் போர்த்தியும் பல் தந்தியடித்தது. ஆனால் அந்த ஒரு மணி நேரம் எந்தப் படமும் சொல்லாததைச் சொன்னது. கீழே வைத்த அடுக்குப் பாத்திரம் ஐஸோடு ஒட்டிக்கொண்டது, உதைத்துத்தான் எடுத்தேன். சாமான் வைக்க உள்சுவரின் அடியோரம் தைத்திருந்த பைகளில் இருந்ததெல்லாம் ஈரம். விறைத்த விரலுக்கு ஜிப்பின் சின்ன நாக்கு அகப்படவே இல்லை. உள் பைகளைத் தோள் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். உள்துணிக்குப் பூச்சு இல்லை, பிரித்துத் தைக்கலாம். ஜிப்புக்கெல்லாம் நீள வார் போட வேண்டும். மா கின் நடுங்கிக்கொண்டே சாக்கட்டியால் குறித்தாள்.

வெளியே வந்தபோது ஊ சோ அந்தச் செருப்புப் பைகளுக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன், அவமானத்தோடு. மனிதர் சிரிக்கவில்லை. மீனோடும் ஐஸோடும் முப்பது வருஷம் வாழ்ந்தவர். சொன்னார்: "பிடிச்ச மீனை அடுப்புப் பக்கத்திலே வெச்சா நாறும், வெளியிலே தொங்கவிடட்டும், அவ்வளவு பெரிய ஐஸ் பெட்டிக்கு வாடகையா கேட்கப் போறாங்க?"

பாதிப் பை போதுமா?

தேர்வு நாள். கோ மின் போனைக் கூடாரத்துக்கு எதிரே நிறுத்தினான். திரையில் வந்தவர் ஒரு அம்மாள், அவர்தான் வாங்குகிறவர். அவரே பனியில் மீன் பிடிப்பவராம். மற்ற இரண்டு கூடாரங்களையும் பார்த்தாயிற்று. எட்டு பெண்களும் மெஷினை விட்டெழுந்து சுவரோரம் நின்றார்கள். நீள வார் பிடித்தது என்றார். வெளியில் இருப்பது மீன் பை என்றதும் தலையாட்டினார். பிறகு கோ மின் முகம் சுருங்கியது. உள்ளே பைகள் அதிகமாம். மற்ற இரண்டும் மலிவாம். பாதியை எடுத்துவிட்டு விலையைக் குறைத்தால் ஆர்டர் எனக்கு.

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. சுவரோரம் நின்ற எட்டு முகமும் அதைத்தான் கேட்டன. ஆனால் பாதிப் பையோடு அனுப்பினால் முதல் குளிரிலேயே ஜனம் திட்டும், அடுத்த வருஷம் ஆர்டர் வராது. அப்போது இந்த எட்டு பேரை எதைச் சொல்லி நிறுத்துவேன்? "விலை குறையாது! இப்படிப் பாருங்கம்மா!" என்று கத்திக்கொண்டே கூடாரத்துக்குள் புகுந்தேன். சாமான் எல்லாம் பைகளில், தரை காலி. எழுந்தேன், திரும்பினேன், கதவு வரை நடந்தேன்; ஒன்றும் காலில் படவில்லை. பிறகு பாதிப் பைகளைக் கவிழ்த்தேன். விளக்கு, டப்பா, கத்தி, துரப்பணம் எல்லாம் கீழே. ஓட்டைக்குப் பதிலாக நடுவில் ஒரு அண்டாவில் தண்ணீர் வைத்திருந்தேன். மறுபடி எழுந்து திரும்பினேன். கால் பட்டு டப்பா உருண்டு அண்டாவுக்குள் தொபுக்கென்று விழுந்தது. நான் வேண்டுமென்று தள்ளவில்லை, சத்தியம்!

மா கின் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மாள் என்னவோ சொன்னார், பிறகு சிரித்தார். கோ மின் எங்களைப் பார்த்து, ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னான்: "போன குளிர்ல என் போன் அப்படித்தான் தண்ணிக்குள்ளே போச்சு, பை அத்தனையும் இருக்கட்டும், விலையும் இருக்கட்டும், தைக்க ஆரம்பிங்க."

ஆக, ஐஸை டம்ளரில் மட்டுமே பார்த்து வளர்ந்தவனும் பனி ஏரிக்கு நல்ல கூடாரம் தைக்கலாம், சாமானைக் கீழே வைக்க இடமில்லாத வீட்டில் ஒரு முறையாவது குடியிருந்திருந்தால்.