இரண்டு எண் பெரிய கால்துடுப்பு

மதிவதனியின் காலுக்குச் சரியான அளவில் ஒரு செருப்புகூட அவளுடைய வீட்டில் வாங்கப்பட்டதில்லை. தாய் ராசம்மாள் எதை வாங்கினாலும் பெரியதாகவே வாங்குவாள். பாவாடை தரையைப் பெருக்கும். சட்டையின் தோள் முழங்கைக்கு இறங்கும். செருப்பு, நடக்கும்போது தனியாகத் தாளம் போடும். கேட்டால், "வளர்ற காலு, ஆகும் கண்ணு" என்பாள். மகள் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்று, வளர்ச்சியும் நின்று, ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் ஆன பிறகும் அந்தப் பதில் மாறவில்லை.

1996ஆம் ஆண்டு, மண்டபம் கடற்கரையில் பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கும் ஆய்வுத் திட்டம் ஒன்றுக்கு உதவியாளர் தேவை என்று தெரியவந்தது. போத்தனூர் இரயில்வே குடியிருப்பிலிருந்து கடலை நோக்கி யாரும் வேலைக்குப் போனதில்லை. மதிவதனியோ காரமடைக்கு அருகே மாமன் கூலிக்கு உழைத்த தோட்டத்தின் கிணற்றில் நீச்சல் கற்றவள். கோயம்புத்தூர் நீச்சற்குளத்தில் காற்றுக்குடுவையைச் சுமந்து மூழ்கவும் பழகியிருந்தாள். அவள் கடலில் ஒருமுறை மூழ்கிக் காட்டினால் வேலை உறுதி. குடுவையையும் நீருக்குள் பார்க்க அணியும் முகக்கண்ணாடியையும் திட்டத்தாரே தருவார்கள். காலில் மாட்டும் ரப்பர்த் துடுப்புகளை மட்டும் அவரவரே கொண்டுவர வேண்டும்.

அந்தத் துடுப்புகள் காந்திபுரத்தில் எந்தக் கடையிலும் இல்லை. ஒரு கடையில் இறகுப்பந்தை எடுத்துக் காட்டினார்கள். கடைசியில், விளையாட்டுப் பொருள் விற்கும் மைதீன் பிச்சை மட்டும் சென்னையிலிருந்து தருவித்துத் தர ஒப்புக்கொண்டார். குதிகாலில் வார் உள்ள வகையை இழுத்து இறுக்கிக்கொள்ளலாம்; ஆனால் அது கிடைக்காது என்றார். காலணியைப் போலக் குதிகாலையும் மூடும் வகைதான் வரும். அதற்கு அளவு பிசகக் கூடாது.

"சூ நம்பர் எத்தனைங்க அம்மணி?"

மதிவதனி சூ அணிந்ததே இல்லை. அவர் பாதத்தை அளந்து பார்த்து, "ஆறு" என்று குறித்துக்கொண்டார்.

"எட்டுன்னு போடுங்க" என்றாள் ராசம்மாள்.

"சும்மா இரும்மா. இது காலோட ஒட்டியிருக்கோணும்."

"ஒட்டியிருந்தா ரத்தம் ஓடாது கண்ணு."

"ஆறே போடுங்கண்ணா" என்று முடித்துவிட்டு மதிவதனி வெளியேறினாள். பேருந்து நிறுத்தத்தை நெருங்கியபோது, குடையைக் கடையில் வைத்துவிட்டதாகச் சொல்லி ராசம்மாள் திரும்பிப் போனாள். குடையோடு திரும்பி வந்தாள்.

கடைக்குப் பொட்டலம் வந்தபோது, அதற்குள் எட்டாம் எண் துடுப்புகள் இருந்தன.

"ஆறுதானுங்களே சொன்னேன்?"

"அம்மாதான் வந்து எட்டுன்னு மாத்தச் சொன்னாங்க" என்றார் மைதீன் பிச்சை. "குடை எடுக்க வந்தாங்கல்ல? நீங்களே சொல்லி அனுப்பினீங்கன்னாங்க. ரப்பர் சாமானைச் சென்னையில திருப்பி எடுக்கமாட்டாங்களே அம்மணி."

பொட்டலத்தை இடுக்கிக்கொண்டு மதிவதனி வீடு வந்து சேர்ந்தாள். வாசலில் வெடித்தாள்.

"என்ற காலு எத்தனைன்னு எனக்குத் தெரியாதாம்மா?"

"பெருசா இருந்தா பஞ்சு வெக்கலாம். சின்னதா இருந்தாக் காலை வெட்டவா முடியும்?"

மதிவதனி பஞ்சு வைத்தாள். அது தண்ணீரில் ஊறி, விரல்களுக்கிடையே உருண்டைகளாகத் திரண்டது. இரண்டு உதைப்புகளுக்குள் வலக்கால் துடுப்பு கழன்று, நீச்சற்குளத்தின் மறுகரையை அடைந்தது. அங்கே நீந்திக்கொண்டிருந்த வங்கி அதிகாரி ஒருவர், "ஏனுங்க, உங்க படகு இங்க வந்துருச்சுங்க!" என்று கூவினார். குளமே சிரித்தது. லாரி டியூபை வாராக வெட்டிக் கட்டிப் பார்த்தாள். கணுக்காலில் தோல் உரிந்தது. அது போதாதென்று, துடுப்பின் தகடும் நீளமாக, விறைப்பாக இருந்தது. தண்ணீரைத் தள்ள முடியாமல் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. வேறொரு சோடி தருவிக்கக் கையில் பணமும் இல்லை, நாளும் இல்லை.

ஒரு மாலையில் அவள் துடுப்புகளைக் கட்டிலுக்கடியில் வீசியெறிந்தாள். "இந்த வேலை போச்சுன்னா உன்னாலதான். ஒண்ணே ஒண்ணாவது என்ற அளவுல வாங்கியிருக்கியா?"

தண்டவாளப் பராமரிப்பில் இருந்து ஓய்வுபெற்ற தந்தை அங்கப்பன், தமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதுபோல வானொலியின் ஒலியைச் சற்றுக் கூட்டினார். மறுநாள் பார்த்தபோது, துடுப்புகள் துடைக்கப்பட்டுப் பழைய சேலையில் சுற்றப்பட்டிருந்தன. பயணத்துக்கு ராசம்மாளும் கிளம்பியிருந்தாள்.

மண்டபத்தில், மதிவதனியைப்போலவே தேர்வுக்கு வந்த இளைஞர்கள் இருவர் கடற்கரையில் காத்திருந்தனர். அவர்களுடைய துடுப்புகள் பாதத்தோடு பொருந்தி, அளவெடுத்துத் தைத்தவைபோல இருந்தன. மதிவதனி தன் துடுப்புகளைச் சேலைச்சுற்றிலிருந்து எடுக்கவே கூசினாள்.

திட்ட அலுவலர் சென்னகேசவன் வந்தார். கையில் தடித்த ரப்பர்க் காலுறைகள் இருந்தன. "அடியில எல்லாம் பாறை, கடல்முள்ளி. வெறுங்காலோட ஒருத்தரையும் இறக்க மாட்டேன். இதைப் போட்டுக்கிட்டு, மேலே ஃபின்ஸ் மாட்டுங்க."

இதை முன்பே தெரிவித்திருக்கலாகாதா என்று மதிவதனிக்கு எரிச்சல் மூண்டது. ஆனால் காலுறை அணிந்த பாதத்தை நுழைத்ததும், அந்த எட்டாம் எண் துடுப்பு அவளைக் கவ்விப் பிடித்தது. உதறிப் பார்த்தாள்; அசையவில்லை. பக்கத்தில் அந்த இளைஞர்கள் மணலில் உட்கார்ந்து, சோப்பு நீர் தடவி, முகம் சிவக்க இழுத்தும் குதிகால் உள்ளே போகவில்லை. வேறு துடுப்புகளோடு அடுத்த மாதம் வருமாறு அலுவலர் அவர்களிடம் சொன்னார்.

"நீங்க காலுறையை யோசிச்சே பெருசா வாங்கியிருக்கீங்க. நல்ல முன்யோசனை" என்றார் மதிவதனியிடம்.

அவள் மறுக்க வாயெடுப்பதற்குள், படகு நிழலிலிருந்து ஒரு குரல் வந்தது. "நாந்தானுங்க எட்டு சொன்னேன்! அம்மணி ஆறுன்னு நின்னாளுங்க!"

மதிவதனி கடலில் மூழ்கினாள். திரும்பும் வழியில், அந்த விறைத்த தகடு கெண்டைக்காலை மீண்டும் சுருட்டி இழுத்தது; மல்லாந்து மிதந்து, காலைப் பிடித்து நீவிவிட்டுக் கரை சேர்ந்தாள். வேலை உறுதியாயிற்று. சேர்வதற்குள் குட்டையான, மென்மையான தகடுள்ள துடுப்புகளை வாங்கிவிடுமாறு அலுவலர் அறிவுறுத்தினார்.

ஊர் திரும்பும் இரயிலில், பெட்டியில் இருந்தவர்கள் அனைவருக்கும் எட்டாம் எண்ணின் கதை தெரிந்தது. போத்தனூருக்கு வந்த பிறகு தெருவுக்கும் தெரிந்தது. மகளின் வேலையைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் ராசம்மாள் துடுப்பின் அளவைத்தான் சொன்னாள். தான் ஆறு என்று சொன்னது தவறில்லை என்பதை மதிவதனியால் யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை.

கல்லூரிச் சம்பளம் வந்ததும் இருவரும் மீண்டும் காந்திபுரம் போனார்கள்.

"குட்டைத் தகடு, மெத்துன்னு இருக்கறது. நம்பர் எத்தனை போடட்டுங்க?" என்றார் மைதீன் பிச்சை.

மதிவதனி பல்லைக் கடித்துக்கொண்டாள். "எட்டு."

ராசம்மாள் கடையின் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேருந்து நிறுத்தத்தை நெருங்கியபோது அவள் திடீரென்று நின்றாள். "குடையைக் கடையிலயே வெச்சுப்போட்டு வந்துட்டேன் கண்ணு. நீ நில்லு, எடுத்துட்டு வாரேன்."

குடை மதிவதனியின் கையில் இருந்தது.