எடைமேடைக் கம்ப்யூட்டரும் தேங்காய் எண்ணெயும்

கேபிளைப் பிடுங்கிய விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். காறல் வாடையடிக்கும் தேங்காய் எண்ணெய். உப்புத் தூசியும் செத்த எறும்புகளும் அதில் களிம்பாகக் குழைந்திருந்தன. இந்தக் கம்ப்யூட்டரை மாற்றியே தீர வேண்டும் என்று அந்த நொடியில்தான் தோன்றியது.

மாப்பிள்ளையூரணிக்கு அப்பால் இருக்கும் எங்கள் உப்புக் கம்பெனியின் எடைமேடை அறை அது. கம்பெனிக் கம்ப்யூட்டர்களைக் கவனிப்பது என் வேலை. லாரிகளை எடைபோடும் மென்பொருள், பாதுகாப்பு அப்டேட் நின்று பல வருஷமான பழைய விண்டோஸில் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு டிரைவர் பாட்டு ஏற்றச் செருகிய பென் டிரைவிலிருந்து வைரஸ் புகுந்து, துறைமுகத்துக்குப் போக வேண்டிய லாரிகள் அன்று வரிசையில் நின்றுவிட்டன. அதைச் சரிசெய்யத்தான் வந்திருந்தேன்.

"என்ன அண்ணாச்சி, கேபிள்ல எண்ணெய்?" என்று எடைபோடுபவரிடம் கேட்டேன்.

"உப்புக் காத்துல்லா தம்பி? துரு ஏறிரும். பூட்டுக்குப் போடுத மாதிரி வாரம் ஒருக்க போடுதேன்."

பெருமையாக வேறு சொன்னார். விரலைச் சுவரில் தேய்த்துத் துடைத்தேன்.

வைரஸைத் துடைத்து எடைமேடையை ஓடவிட்டுவிட்டு முதலாளியிடம் போனேன். "ஓடுதுல்லா? பொறவு எதுக்குலே மாத்தணும்?" என்றார். விடாமல் நச்சரித்ததில் இறங்கிவந்தார். "ஞாயித்துக்கிழமை மாத்திக்கோ. திங்கக்கிழமை எடை ஒழுங்கா விழணும். இல்லன்னா பழசை மாட்டிட்டு வாயை மூடிக்கிடணும்."

ஞாயிறன்று, புதுக் கம்ப்யூட்டரின் புதிய விண்டோஸில் அந்த மென்பொருளைத் திறக்கவே மதியமாகிவிட்டது. திறந்தும் எடை பூஜ்யத்தில் நின்றது. புதிய பெட்டியில் பழைய கேபிளுக்கு இடமில்லை என்று கன்வெர்ட்டர் வாங்கி மாட்டியிருந்தேன். கம்ப்யூட்டர் தன் இணைப்புகளுக்குப் போடும் வரிசையில் அதற்கு ஐந்தாம் எண் விழுந்திருந்தது. மென்பொருளுக்கோ ஒன்றாம் எண்ணைத் தவிர வேறெதுவும் தெரியாது. எண்ணை மாற்றிவிட்டு அண்ணாச்சியை மேடையில் ஏறி நிற்கச் சொன்னேன்.

"எவ்ளோலே காட்டுது?"

"எம்பது!"

"செருப்பைக் கழத்திட்டு நிக்கட்டா?"

திங்கள் காலை முதல் லாரி ஏறியது. எடை வந்தது, துடித்தது, பூஜ்யமானது. பின்னால் ஹாரன்கள். கன்வெர்ட்டரைப் பிடுங்கினால், பளபளவென்று எண்ணெய்.

"புதுசுல்லா, பத்திரமா இருக்கட்டும்னு..." என்று இழுத்தார் அண்ணாச்சி.

துடைக்கத் துடைக்கத் துளைக்குள்ளிருந்து கசிந்தது. முதலாளி வந்து, மூலையிலிருந்த பழைய பெட்டியைக் காட்டினார். மாட்டினேன். ஓடியது. அந்த அழுக்குப் பிண்டம் ஒரு முனகலும் இல்லாமல் ஓடியதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

ஆனால் துரு ஏறும் என்ற பயம் பொய்யில்லை. அதற்கு நான் ஒரு வழியும் வைக்கவில்லை. இப்போதைக்குப் பழைய பெட்டியின் பென் டிரைவ் துளைகளைப் பசை வைத்து அடைத்திருக்கிறேன். ரப்பர் விளிம்பு வைத்த டப்பா ஒன்று வாங்கியாயிற்று; ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு, இணைப்புகளையெல்லாம் அதற்குள் மூடிவிடலாம். இந்த முறை அண்ணாச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கையாலேயே புதுக் கம்ப்யூட்டரை மாட்டச் சொல்லப்போகிறேன். அதற்கு முதலாளியிடம் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை கேட்க வேண்டும். நாளைக் காலை கேட்கிறேன்.