மத்தியானத்திலிருந்து பின்னேரம் வரை

மலேசியாவின் மேரு என்ற ஊரில் நான் வேலை செய்யும் கையுறைத் தொழிற்சாலையில், ஊசிமுனை அளவு ஓட்டை தெரிந்தாலும் அந்த உறையைக் கழிவுத் தொட்டியில் போட்டுவிட வேண்டும். நாள் முழுக்கச் செய்கிற வேலைதான். ஆனாலும் ஒவ்வொன்றையும் எறிய முன்னர் என் கை கொஞ்சம் தயங்குகிறது. வன்னியில், போரின் கடைசி மாதங்களில், இதே மலேசியக் கையுறைகளைத்தான் நாங்கள் கழுவிக் கொடியில் காயப்போட்டோம். வாயால் ஊதிப் பார்த்து, காற்றுப் போகாதவற்றைத் திரும்பவும் போட்டுக்கொண்டு அடுத்த காயத்துக்குப் போனோம். "என்னா, அதையே பாத்துக்கிட்டு நிக்கிற? ரிஜெக்ட்னா தூக்கிப் போடுலா" என்று ஒருநாள் மேற்பார்வைக்கார அக்கா கத்தினார். போட்டேன். நான் ஒரு காலத்தில் மருந்து கட்டியவள் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. என்னிடம் இருப்பது அகதி அட்டை. அதை வைத்துக்கொண்டு வேலை செய்ய இந்த நாட்டுச் சட்டம் இடம் தராது. பிடிபட்டால் தடுப்பு முகாம். ஆகவே வாயை மூடிக்கொள்வதே எங்களுக்கு முதற் பாடம். அந்தப் பாடத்தில் நான் எவ்வளவு நன்றாகத் தேறினேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கிள்ளானில் லெட்சுமி அக்காவின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறேன். அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கணவர் இல்லை; மகள் ஜொகூரில். காலையில் வீட்டு வாசலில் மேசை போட்டு நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு விற்பார். உடம்பில் சர்க்கரை, வாயில் எதற்கெடுத்தாலும் ஒரு "ஓகேலா". போன மழைக்காலத்தில் எங்கள் தாமான் குடியிருப்புக்குள் இடுப்பளவு வெள்ளம் வந்தது. தண்ணீருக்குள் நடக்கையில் ஏதோ தகரம் அக்காவின் காலைக் கிழித்துவிட்டது. படகில் ஏற்றி எங்களை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இறக்கினார்கள். இங்கத்தைய பத்திரிகைகள் அதற்குத் துயர் துடைப்பு மையம் என்று பெயர் வைத்திருக்கின்றன. வாசலில் சீருடைக்காரர்கள் ஐ.சி. என்கிற அடையாள அட்டையைப் பார்த்துப் பெயர் பதிந்துகொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. அக்கா முந்திக்கொண்டு, இவள் என் அக்கா மகள், ஐ.சி. வெள்ளத்தில் போய்விட்டது என்று மலாயில் அடித்துவிட்டார். அவர்களும் எழுதிக்கொண்டார்கள். உள்ளே போனதும் என் காதோடு, "இனிமே என்னை சின்னம்மான்னு கூப்புடு, தெரிதா?" என்று சிரித்தார்.

நான் மருந்து கட்டிப் பழகியதும் ஒரு பள்ளிக்கூடத்தில்தான். வன்னியில் ஆஸ்பத்திரியாக மாற்றிய பள்ளிக்கூடம் அது. எனக்கு அப்போது இருபத்தொரு வயது; சில மாதப் பயிற்சி மட்டும். வகுப்பறை வாசலில் நின்று, வருகிற காயக்காரரில் யார் முதலில் மேசைக்குப் போவது என்று பிரிப்பது என் வேலை. "கத்திறவன் இன்னும் கொஞ்ச நேரம் தாங்குவான் பிள்ளை. சத்தம் போடாமக் கிடக்கிறவையைப் பார்" என்று பெரிய டொக்டர் சொல்லித் தந்திருந்தார். கை முறிந்து கதறிய ஒரு பெரிய மனிதரைத் தள்ளிவிட்டு, வயிற்றைப் பொத்தியபடி பேசாமல் இருந்த ஒரு தாயை உள்ளே இழுத்துப் போயிருக்கிறேன். அந்த மனிதர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். டொக்டர்மாரோடும் சண்டை பிடித்தேன். பங்கர் குழிக்குள் சேற்றுத் தண்ணீர் பட்ட காயங்கள் சில, இரண்டொரு நாளில் நோவு நின்று நிறம் மாறும். அழுத்தினால் தோலுக்கடியில் உப்புக்கல் நொறுங்குவதைப் போல விரலுக்குத் தெரியும். சதைக்குள் காற்றுப் பிடித்துவிட்டது என்று அர்த்தம். அதைக் கண்டால் நான் தொண்டை கிழியக் கத்துவேன். நீ யார், உன்னிடம் என்ன அட்டை இருக்கிறது என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை.

கிள்ளான் மண்டபத்துக்கு இரண்டாம் நாள் மருத்துவக் குழு வந்தது. நல்ல பிள்ளைகள், தூங்காத கண்கள். அவர்கள் என்னவென்று கேட்க, அக்கா "ஓகேலா டாக்டர், சின்ன வெட்டுதான்" என்றார். கழுவிக் கட்டி, அவசரமில்லை என்று ஒரு பச்சைத் துண்டுச்சீட்டுக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா சந்தோஷமாக, "வலி நின்னுருச்சு, பாத்தியா?" என்று காலை நீட்டினார். கட்டை அவிழ்த்தேன். சுற்றிவர தோல் கறுத்துக்கொண்டு வந்தது. விரலால் அழுத்தினேன். நொறுநொறுவென்றது.

"அக்கா, இது சும்மா காயம் இல்லை. டொக்டரிட்டத் திரும்பக் காட்டோணும்."

"அட நீ ஒன்னு. மருந்து போட்டாச்சு. அங்க பாரு, எத்தன வயசானவங்க காத்துக் கெடக்காங்க. தொல்ல பண்ணாத."

பத்தடி நடந்தால் டொக்டரின் மேசை. அதற்குப் பக்கத்திலேயே சீருடைக்காரர் இரண்டு பேர். நான் போய்ச் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். எங்கே படித்தாய் என்பார்கள். பிறகு அட்டை, பிறகு பிடித்துப்போகும் லோரி, பிறகு முகாம். பந்திங் ஊரில் எனக்குத் தெரிந்த ஒருவர் மனைவியைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் பிடிபட்டு, பிள்ளையின் முகத்தை மூன்று மாதம் கழித்துத்தான் பார்த்தார். அது என் நினைவில் இருந்தது. அக்காவும் பொய் சொன்னதாக மாட்டிக்கொள்வாரே என்றும் ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று சும்மாவா சொன்னார்கள். சேவைக்காரர்கள் தேத்தண்ணீர் கொண்டுவந்தார்கள். வாங்கிக் குடித்தேன். அக்காவுக்குக் காய்ச்சல் ஏறுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கண் முன்னால் ஒருத்தி சத்தம் போடாமல் சாகத் தொடங்கியிருந்தாள், அவளுக்குப் பக்கத்தில் நானும் சத்தம் போடாமல் இருந்தேன்.

பின்னேரம் அக்கா சம்பந்தமில்லாமல் ஏதோ பிதற்றத் தொடங்கியபோதுதான் எழுந்து ஓடினேன். மேசையில் இருந்தவள் முக்காடிட்ட ஓர் இளம் மலாய் டொக்டர். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை, காய்ச்சல் மாத்திரையை எடுத்து நீட்டினாள். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அக்காவின் காலில் வைத்து அழுத்தினேன். அவள் முகம் மாறியது. ஐந்து நிமிடத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லோரி வந்தது. "காக், நர்ஸா?" என்று, என்னை அக்கா முறை சொல்லி, ஓடிக்கொண்டே கேட்டாள். "டூலு" என்றேன், முன்பு என்று அர்த்தம். "தெரிமா காசி, காக்" என்று நன்றி சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள். அக்காவை ஏற்றும்போது சீருடைக்காரர் இருவரும் தூக்குப்படுக்கையின் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தார்கள். யாரும் அட்டை கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

அக்காவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் விரல்களோடு நின்றிருக்கலாம் என்றாராம் அறுவை செய்தவர். அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இவ மட்டும் அன்னைக்கு ஓடிப்போயிச் சொல்லலைன்னா எனக்குப் பால் ஊத்தியிருப்பீங்க" என்று சொல்லுவார். மகள் ஜொகூரிலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தப் புகழ்ச்சி எனக்குச் செருப்படி. ஒருநாள் காலை, சோறு மடிக்கும் தாளை அடுக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"எனக்கு அண்டைக்கு மத்தியானமே தெரியும் அக்கா. அட்டைக்குப் பயந்து பின்னேரம்வரை பேசாம இருந்திட்டன்."

அக்கா தாள் அடுக்குவதை நிறுத்தவில்லை. அடுக்கி முடித்த பிறகு, "கார்டு பத்திரமா இருக்குல்ல?" என்று கேட்டார்.

"இருக்கு அக்கா."

"நல்லது" என்றார்.

அடுத்த கிழமை செயற்கைக் கால் அளவெடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். கூட வந்திருப்பது யார் என்று முகப்பில் இருந்த பெண் கேட்டாள். அதுவரை ஒவ்வொரு முறையும் தன் அக்கா மகள் என்றே சொல்லி வந்தவர் அன்றைக்கு, "வாடகைக்கு இருக்கறவ" என்று மலாயில் சொன்னார். சொல்லிவிட்டு ஊன்றுகட்டையை என் கையில் கொடுத்தார். பிறகு, உடம்பின் முழுப் பாரத்தையும் என் தோளில் போட்டு, ஒற்றைக் காலில் எழுந்து நின்றார்.