லிஃப்டில் போன தலைவர்

தச்சநல்லூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் தலைவர் தாணுமாலையன். கூட்டுறவு வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 'தெரியாது' என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. தண்ணீர் மோட்டார் முதல் மூலநோய் வரை எல்லாவற்றுக்கும் அவரிடம் தீர்ப்பு தயாராக இருக்கும்.

மூன்றாம் மாடியில் இருக்கும் ஃபர்ஹத் கல்லூரி ஆசிரியை. ஒரு சங்கக் கூட்டத்தில் எழுந்து, "நிலநடுக்கம் வந்தா என்ன செய்யணும்னு ஒருநா எல்லாரும் பழகிப் பாப்பமா, அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

தலைவர் மைக்கிலேயே சிரித்தார். "நம்ம ஊரு பாறை மேல உக்காந்திருக்கும்மா. இங்கன பூமி ஆடணும்னா என்கிட்ட கேட்டுட்டுத்தான் ஆடும்."

கூட்டம் கைதட்டியது. அவருக்குக் கைதட்டுவது ஒன்றில்தான் எங்கள் குடியிருப்பில் ஒற்றுமை உண்டு.

பூமி அவரைக் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லி வேகும் நேரத்தில் ஆடியது. மையம் எங்கோ கடலுக்குள் என்று பிறகு சொன்னார்கள். ஜன்னல் கண்ணாடிகள் கடகடத்தன, அலமாரிப் பாத்திரங்கள் உருண்டன. தலைவரின் மனைவி கோமு சட்டென்று சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கன வாங்க! வெளிய ஓடாதீங்க!" என்று கத்தினாள்.

அவர் வரவில்லை. வங்கி கொடுத்த வெள்ளிக் கேடயத்தை மட்டும் அள்ளிக்கொண்டு ஓடினார். படிக்கட்டில் கூட்டம் நெருக்குமென்று லிஃப்டில் ஏறினார். பாதியில் மின்சாரம் போயிற்று.

ஆட்டம் நின்றதும் கோமு எரிவாயுவை மூடிவிட்டு, ஃபர்ஹத்துடனும் மற்றவர்களுடனும் படி வழியே இறங்கினாள். வழியில் லிஃப்டுக்குள்ளிருந்து தலைவர் கத்துவது கேட்டு, லிஃப்ட் பழுது பார்ப்பவனுக்குப் போன் போட்டாள். ஃபர்ஹத் யாரையும் சுவரோரம் நிற்க விடவில்லை; எதிரே இருந்த காலி மனைக்கு எல்லோரையும் கூட்டிப் போனாள். சற்று நேரத்தில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரு துண்டு பெயர்ந்து, வாசலில் நின்ற பைக்கை நசுக்கியது.

கோமுவின் போன் அடித்தது.

"ஏளா, எல்லாவனும் எங்க போய்த் தொலைஞ்சானுவ? கதவத் தொறக்கச் சொல்லு!"

"லிஃப்ட்காரனுக்குச் சொல்லியாச்சு. பைய வருவான். அதுவரைக்கும் கேடயத்தத் தொடச்சிக்கிட்டு இருங்க."

ஃபர்ஹத் போனை வாங்கினாள். "அண்ணாச்சி, கதவ நெம்பிறாதீங்க. தரையில உக்காருங்க. பயப்படாதீங்க."

"எனக்கென்ன பயம்?" என்று தலைவர் அழுதுகொண்டே கேட்டார்.

அவரை வெளியே எடுத்தபோது வேட்டி சட்டையெல்லாம் வேர்வையில் ஊறியிருந்தது. அதற்குள் தொலைக்காட்சிக்காரர் ஒருவர் வந்துவிட்டார். மைக்கைக் கண்டதும் தலைவருக்கு முதுகு நிமிர்ந்தது.

"சனங்க எல்லாரையும் பத்திரமா எறக்கி விட்டுட்டு, லிஃப்டுல யாரும் மாட்டியிருக்காங்களான்னு பாக்கப் போனேன்."

கோமு குறுக்கே வந்தாள். "எல்லாரையும் எறக்குனவரு கட்டுன பொண்டாட்டியத் திரும்பிப் பாக்கலியே!"

அன்று ஒளிபரப்பான செய்தியில் தலைவரின் வீரம் வந்தது, கோமு சொன்னது வரவில்லை. பார்த்த ஜனமும் அதையே நம்பியது. காலி மனையில் தன்னோடு நின்றவர்களே, "தலைவரு இல்லேன்னா நாம இல்ல" என்று பேசுவதைக் கோமு காதால் கேட்டாள்.

அடுத்த வாரம் ஃபர்ஹத் பயிற்சி நடத்தினாள். கோமுவும் நாலைந்து பெண்களும் போய் மேசைக்கடியில் குனிந்து பழகினார்கள். அதே நேரத்தில் கீழே தலைவருக்குச் சால்வை போர்த்தும் விழா. அங்கே பஜ்ஜி போட்டதால் உட்கார நாற்காலி போதவில்லை.