தோற்ற பிறகும் நன்றி சொல்லப் போன அண்ணன்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும், அண்ணனோடு நின்றவர்களுக்கும், அண்ணனை எதிர்த்து நின்றவர்களுக்கும் தங்கையின் வணக்கம். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. முதலாம் ஆண்டு நினைவுக்கு யார் எழுதுவது என்று பேச்சு வந்தபோது அண்ணிதான், "நீ எழுதுத்தா, பேச வேண்டியதில்லையே" என்று நோட்டைக் கையில் கொடுத்தார்கள்.

அண்ணன் பிறந்தது சாணார்பட்டிப் பக்கம், எங்கள் ஊர் வடக்குத் தெருவில். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அப்பா கத்தரியும் வெங்காயமும் போடும் விவசாயி. அப்பா தவறியபோது அண்ணன் பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார்கள். படிப்பை விட்டுவிட்டு ஊர்க் காய்கறி மூட்டைகளை டெம்போவில் ஏற்றித் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் கொண்டு போனார்கள். எனக்குக் கல்யாணம் செய்து வைத்து, அதே தெருவில் நாங்கள் மாவு மில் வைக்க இடம் பார்த்துக் கொடுத்த பிறகே தன் கல்யாணத்துக்குச் சம்மதித்தார்கள்.

மார்க்கெட்டில் பழகியவர்கள் மூலம் கட்சிக்குப் போனார்கள். சுவரில் சின்னம் வரைவதில் தொடங்கி, கிளைச் செயலாளராகி, பிறகு ஒன்றியச் செயலாளர் ஆனார்கள். ஒன்றியக் கவுன்சிலர் தேர்தலில் முதல் முறை நின்றபோது எங்கள் வார்டில் உள்ள ஏழு ஊர்களும் சேர்ந்து ஜெயிக்க வைத்தன. மேடையில் உட்கார்ந்ததை விட, கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனுக் கொடுக்கும் வரிசையில் அண்ணன் நின்றதுதான் அதிகம்.

அந்த ஐந்து வருடத்தில் ஊர் ஊராகப் போர் போட்டுத் தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். எங்கள் ஊரில் மற்ற தெருக்களுக்கும் வந்தது. வடக்குத் தெருவுக்கு மட்டும் வரவில்லை. தன் வாசலுக்கு முதலில் செய்துகொண்டார் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது என்பது அண்ணனின் எண்ணம். "நம்ம தெரு எங்க போயிரப் போகுது, கடைசியில பாத்துக்கிருவோம்" என்பார்கள். அந்தக் கடைசி வருவதற்குள் அடுத்த தேர்தல் வந்துவிட்டது.

மாவு மில்லில் இருப்பவளுக்குத் தெருவின் மனசு தெரியும். ஒரு நாள் பாண்டியம்மாள் மதினி மிளகாய் அரைக்க வந்தார். எனக்கும் அண்ணனுக்கும் முறைக்கு மதினி. அவர் வாய்க்குப் பயப்படாதவர்கள் எங்கள் தெருவில் இல்லை.

"ஏழூருக்கும் தண்ணி குடுத்த மகராசன், வடக்குத் தெருக்காரியத் தோட்டம் தோட்டமாக் குடத்தோட அலைய விட்டாரு. நாங்களும் இந்தத் தடவ ஓட்ட வேற பக்கம் ஊத்திர வேண்டியதுதேன்" என்றார். நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். மதினி சிரிக்கவில்லை. "போயி ஓங்கண்ணன்ட்டச் சொல்லு. சொல்லணும்னுதேன் உன் காதுபடப் பேசுறேன்."

அண்ணனோ பிரச்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். எல்லா ஊர்களிலும் ஆரத்தி, மாலை, வேட்டு. ஜீப் எங்கள் தெருவுக்குள் வரும்போது மட்டும் நிற்காது. "இங்க என்னத்துக்குய்யா ஓட்டுக் கேட்டுக்கிட்டு? இது நம்ம வீடு" என்று கையை அசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பிரச்சாரம் முடிகிற அன்று சுக்குக் காபி கொண்டு போய் ஜீப்பருகே நின்றேன்.

"என்னத்தா, என்னமோ சொல்ல வந்தவ மாதிரி நிக்கிற?"

சுற்றிலும் கட்சிக்காரர்கள். காபியைக் கையில் கொடுத்து, "ஒண்ணுமில்லண்ணே. தொண்டையப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

எண்ணும்போது மற்ற ஊர்ப் பெட்டிகளில் எல்லாம் அண்ணன் முன்னால்தான் இருந்தார்கள். கடைசியாகப் பிரித்தது எங்கள் ஊர்ப் பெட்டி. சொற்ப வாக்கில் தோற்றார்கள்.

வீட்டுக்கு வந்த கட்சிக்காரர்களுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "சொந்தத் தெருவே கவுத்துருச்சேண்ணே, இவங்களச் சும்மா விடக் கூடாது" என்றார்கள். அண்ணன் அவர்களை அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தபோது, நான் போய், "எனக்கு முந்தியே தெரியும்ணே. மதினி சொல்லிவிட்டாக. நாந்தேன் சொல்லல" என்று அழுதேன்.

அண்ணன் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பிறகு, "நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்த்தா. அம்புட்டு மெதப்புல இருந்தேன்" என்றார்கள்.

மறுநாள் காலையில் அதே ஜீப்பை எடுக்கச் சொன்னார்கள். டிரைவர், "எங்கண்ணே? நன்றி சொல்ல ஜெயிச்சவகதேன போவாக" என்றார். "நமக்கும் ஓட்டுப் போட்டிருக்காகள்ல, எடுய்யா" என்று ஏறிக்கொண்டார்கள். மாலை இல்லை, வேட்டு இல்லை. ஏழு ஊர்களுக்கும் போய்க் கும்பிட்டுவிட்டு, கடைசியில் எங்கள் தெரு முனையில் இறங்கி நடந்து வந்தார்கள். வாசல்களில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மதினி ஒருவர்தான் நேராகப் பார்த்தார்.

"தோத்ததுக்கு நன்றி சொல்ல வந்த மொத ஆளு நீங்கதேன் கொழுந்தனாரே."

"நீங்க எனக்கு ஓட்டுப் போட்டீகளா மதினி?"

"போடல."

"சரி, நடந்து வந்ததுல நாக்கு வறளுது. ஒரு செம்புத் தண்ணியாச்சும் குடுங்க."

"அது இருந்தாத்தேன் ஓட்டே போட்டிருப்பமே" என்றார் மதினி. தெருவே சிரித்துவிட்டது. அண்ணனும் சிரித்தார்கள். சிரித்து முடித்து, "தப்பு என் மேலதேன். பதவி இல்லாட்டியும் வாங்கித் தாரேன்" என்றார்கள்.

சொன்னபடி செய்தார்கள். அடுத்த திங்கட்கிழமை சாதாரண ஆளாக மனுவோடு வரிசையில் நின்றார்கள். பல திங்கட்கிழமைகள் நின்றார்கள். ஜெயித்த கவுன்சிலரின் வீட்டுக்கும் போய், அவர் கையெழுத்தையும் மனுவில் வாங்கினார்கள். இரண்டாம் வருடம் வடக்குத் தெருவுக்குத் தொட்டி வந்தது. கவுன்சிலர் பெருந்தன்மையாக அண்ணனைக் குழாய் திறக்க அழைத்தார். அண்ணன் பாண்டியம்மாள் மதினியைக் கைகாட்டிவிட்டார்கள். அதன் பிறகு எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. ஆனால் மனு எழுத ஆட்கள் வருவது நிற்கவே இல்லை.

சென்ற வருடம் நெஞ்சு வலி என்று திண்டுக்கல்லில் சேர்த்த மூன்றாம் நாள் அண்ணன் எங்களை விட்டுப் போனார்கள். குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கும் நேரம் வந்தது. எங்கள் சொந்தத்தில் தோட்டத்துக் கிணற்றிலிருந்துதான் அந்தத் தண்ணீர் எடுப்பது வழக்கம். பங்காளிகள் குடத்தோடு கிளம்பியபோது மதினி வழியை மறித்தார்.

"கெணறு என்னத்துக்கு? அவரு கொண்டாந்த தண்ணி தெருவுல நிக்கிது."

ஒருவரும் மறுக்கவில்லை. அந்தக் குழாயில்தான் குடங்கள் நிறைந்தன. அந்தத் தண்ணீரில்தான் அண்ணன் குளித்தார்கள். ஏழு ஊர்களிலிருந்தும் வந்திருந்தவர்களுக்கு அன்று முழுக்கத் தெருப் பெண்கள் அதே குழாயில் பிடித்துத்தான் தண்ணீர் கொடுத்தார்கள்.

இனி நான் நன்றி சொல்ல வேண்டும். அண்ணன் ஜீப்பில் போய்ச் சொன்னதை நான் இந்தத் தாளில் சொல்கிறேன். பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கட்சி பேதம் பாராமல் தோள் கொடுத்தவர்களுக்கும், இறுதிக் காரியங்களை முன்னால் நின்று நடத்திய கவுன்சிலருக்கும், ஏழு ஊர் மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணன் எதிலும் எங்கள் தெருவைக் கடைசியில்தான் வைப்பார்கள். அதில் மட்டும் அண்ணன் பேச்சை நான் மீறுகிறேன். இந்த மலரின் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு, நினைவு நாள் காலையிலேயே பாண்டியம்மாள் மதினி வீட்டிலிருந்து தொடங்கி, வடக்குத் தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்று, என் வாயால் நன்றி சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களிடம் வருவேன்.