காபி கிளப்பில் ஒரு தேயிலை ஏஜெண்டு

கடைகடையாக ஏறி இறங்கி ஒரு சரக்கை விற்றுப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது. அதிலும் மைசூரில் தேயிலை விற்றவர்கள் யாராவது இருந்தால் அழுதுகொண்டே படிக்கலாம். மகாராஜா ஆண்ட காலம். ஊர் முழுக்கக் காபி குடித்துக்கொண்டிருந்தது. "ஒரு காபி கிளப்பிலாவது நம்ம டீயைப் போட வை, இல்லாட்டி வேலையை விட்டுட்டு ஈரோட்டுக்கு ரயிலேறு" என்று பெங்களூரில் இருந்த எங்கள் மானேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். நான் தேர்ந்தெடுத்த கிளப் தேவராஜ மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. அண்ணன் ராமண்ணா, தம்பி சுப்பண்ணா, இருவரும் சேர்ந்து நடத்தினார்கள்.

உகரம்

கன்னடம் எனக்குத் தெரியாது. தமிழ்ச் சொல்லோடு ஓர் உகரத்தை ஒட்டினால் கன்னடம் ஆகிவிடும் என்று ரயிலில் கூட வந்த ஒருவர் சொல்லியிருந்தார். கல் என்றால் கல்லு, கால் என்றால் காலு. விசாரித்துப் பார்த்ததில் சரியாகத்தான் இருந்தது. முதல் நாள் கிளப்பில் டீ போட்டுக் காட்டுவதற்குப் பால் தேவைப்பட்டது. எனக்குப் பால் வேண்டும் என்று சொல்வதாக நினைத்து, ராமண்ணாவிடம் போய், "நனகெ பாலு பேக்கு" என்றேன்.

அவர் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார். வறுக்கும் அடுப்பின் முன் நின்ற சுப்பண்ணா, தனக்கும் இந்த ஆளுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்தார். காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரோடு நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒருவர் மேல்கோட்டைத் தமிழர், பள்ளிக்கூட வாத்தியார். என்னை ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னார்: "கன்னடத்திலே பாலுக்கு ஹாலுன்னு பேர். பாலுன்னா பங்கு. தம்பி தையிலேர்ந்து கடையிலே பங்கு கேட்டிண்டிருக்கார். நீர் பாட்டுக்கு வந்து உம்ம பங்கையும் கேக்கறீரே ஓய்!"

இரண்டாவது டிகாக்ஷன்

அந்த மாதிரி ஆரம்பித்தும் எனக்கு ஒரு காபி கொடுத்தார்கள். உள்கூடம் பிராமணர்களுக்கு, மற்றவர்களுக்குத் தெருப்பக்கம் பெஞ்சு. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். காபி மட்டும் எல்லோருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து வந்தது. முதல் வாய் குடித்ததும் என் பையிலிருந்த தேயிலைப் பாக்கெட்டுகளை நினைத்துக்கொண்டேன். எதிரியின் கோட்டையைப் பார்க்கப் போனவன் அங்கேயே குடியிருக்க ஆசைப்பட்ட மாதிரி இருந்தது.

வறுப்பது சுப்பண்ணா. கொட்டை வெடிக்கும்போது யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். டிகாக்ஷன் இறக்குவதும் பால் கலப்பதும் ராமண்ணா. வடித்த பொடியில் மறுபடி வெந்நீர் விட்டு எடுக்கும் இரண்டாவது டிகாக்ஷனை மற்ற கிளப்புகளில் முதலோடு கலந்துவிடுவார்கள். ராமண்ணா வெந்நீரே விடுவதில்லை. பொடியை அப்படியே முற்றத்து வாழைக்குக் கொட்டிவிடுவார். வியாபாரி என்ற முறையில் எனக்குப் பொறுக்கவில்லை. அதையும் விற்கலாமே என்று கேட்டேன். தமிழ் வாடிக்கைக்காரர்களிடம் பழகிய தமிழில் பதில் சொன்னார்: "விக்கலாம் சுவாமி. அப்பறம் ஜனங்களுக்கு அதுவே ருசியாயிடும்."

மாதிரிப் பாக்கெட்

பெஞ்சில் எப்போதும் என் பக்கத்தில் உட்காரும், தமிழ் தெரிந்த ஜட்கா வண்டிக்காரருக்கு ஒரு நாள் என் செலவில் டீ போட்டுக் கொடுத்தேன். சுறுசுறுப்பு வரும், களைப்புப் போகும் என்று கம்பெனி சொல்லிக் கொடுத்ததையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார். டம்ளரை மோந்து பார்த்தார். பிறகு கவலையோடு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எனக்குக் காச்சல் ஒண்ணும் இல்லையே சாமி, எதுக்கு இது?"

தட்டி

டீயை விரும்பிய ஒரே ஆள் சுப்பண்ணா. டீயின் ருசிக்காக அல்ல. அண்ணன் செய்யாத ஏதாவது ஒன்றைத் தன் பெயரில் செய்ய வேண்டும் என்பதற்காக. "என் பங்கு கைக்கு வரட்டும், உங்க கம்பெனிப் பலகையை மாட்டறேன்" என்றார். கடை பிரிந்தால் என் வேலை நிலைக்கும். பிரியாவிட்டால் ரயில். யாருக்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் தினமும் அங்கே காபி குடித்தேன்.

கடைசியில் பிரித்தார்கள். குறுக்கே ஒரு மூங்கில் தட்டி வந்தது. உள்கூடமும் வறுக்கும் அடுப்பும் அண்ணனுக்கு, தெருப்பக்கமும் பெஞ்சும் தம்பிக்கு. எங்கள் கம்பெனியின் பலகை வாசலில் ஏறியது. மானேஜருக்குச் செய்தி சொல்லி அனுப்பிவிட்டு, அந்தச் சந்தோஷத்தில் ஒரு காபி குடிக்கலாம் என்று போய்ப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது, இனிமேல் பெஞ்சில் காபி கிடையாது. காபி தட்டிக்கு அந்தப் பக்கம். அங்கே எனக்கு இடம் கிடையாது. உள்ளேயிருந்து வந்த வாத்தியார் ஆறுதல் சொல்லும் குரலில் சொன்னார்: "ஏங்காதேயும். தம்பி இல்லாம அண்ணாவுக்கு வறுக்கத் தெரியலை. உள்ளே ஒரே கரி, வெளியிலே உம்ம கஷாயம். ஊரையே பட்டினி போட்டுட்டீர் ஓய்!"

இளிசு

தட்டி மனிதர்களைத் தடுத்தது. வாசனையைத் தடுக்கவில்லை. ராமண்ணா வறுக்க ஆரம்பித்தால் இந்தப் பக்கம் சுப்பண்ணாவின் கை நின்றுவிடும். மூக்கு மட்டும் தட்டியின் பக்கம் திரும்பும். சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு காலையில் பெஞ்சு நிறைய ஆட்கள். நான் பக்கத்தில் நின்று டீயின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உள்ளே கொட்டை வெடிக்கும் சத்தம் கேட்டது. சுப்பண்ணா கெட்டிலை அப்படியே விட்டுவிட்டு, "இளிசண்ணா! இளிசு!" என்று அலறினார். இறக்கி வை என்று அர்த்தம். அவ்வளவு கன்னடம் எனக்கு அதற்குள் வந்திருந்தது. உள்ளே கொட்டை வெடித்துக்கொண்டே இருந்தது. தட்டியை ஒரு தள்ளுத் தள்ளினார். அது சாய்ந்தது. அதன் மேலேயே நடந்துபோய் அண்ணன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

ராமண்ணா விலகி நின்று, டிகாக்ஷனுக்கு வெந்நீர் வைத்தார். வெளியே டீ பொங்கி அடுப்பு அணைந்தது. பெஞ்சுக்குக் காபி வந்தது. முதல் டம்ளரைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டியது சுப்பண்ணாதான். கழற்றிய பலகை இன்னொரு கையில் இருந்தது. "உங்க டீ நல்ல டீதான் சுவாமி. ஆனா தண்ணி கொதிக்குது, இலையைப் போடறேன், முடிஞ்சுபோச்சு. அதுல எனக்கு என்ன வேலை இருக்கு, சொல்லுங்க?"

காபி ஆறுமுன் குடித்துவிட்டு, பலகையை வாங்கிக்கொண்டேன். மானேஜர் சொன்ன சொல் தவறாதவர்.

தன் சரக்கைவிட எதிராளியின் சரக்கு உயர்ந்தது என்று நாக்குக்குத் தெரிந்துவிட்டால், அப்புறம் எந்தக் கம்பெனிக்கும் அந்த ஆளால் பிரயோஜனம் இல்லை.